கிட்டாரின் உருவம் யாருக்குச் சொந்தம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் குன்னூரில் என் பட்டறைக்குக் கிட்டார்கள் வரத் தொடங்கிவிடும். ஈரம் ஏறிக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்தவை, கழுத்து வளைந்தவை, கம்பி துருப்பிடித்தவை என்று ஒரு மூலை நிறைந்துவிடும். கிறிஸ்துமஸ் கேரலுக்குள் வேண்டும் என்று தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு முறை வந்து எட்டிப் பார்ப்பார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்ததில் ஒன்று இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கொண்டுவந்தவன் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு ஆண்டு சேர்த்த பணத்தைக் கொடுத்து, முகம் தெரியாத ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் அது. தலைப்பகுதியில் சிப்பி பதித்தாற்போல் 'கிப்சன்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர் பளபளத்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும் என்பதால், தலைப்பகுதியில் இருக்கும் மணி வடிவச் சிறு மூடியைக் கழற்றப் போனேன். மூடியில் மூன்று திருகுகள் இருந்தன. அந்த நிறுவனத்தின் கிட்டார்களில் அந்த மூடியை இரண்டே திருகுகள் பிடித்திருக்கும். போலிகளில்தான் பெரும்பாலும் மூன்று. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளின் முனைகள் கையைக் கீறின. வண்ணப்பூச்சு பிளாஸ்டிக் போலத் தடித்திருந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே அடுக்குப் பலகை.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "தம்பி, இது அந்தக் கம்பெனியில் செய்தது இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "கடையில் தொங்குகிற கிட்டார்களில் பாதி இதே உருவத்தில்தானே இருக்கின்றன? அவையும் போலிதானா, அண்ணா?"

நல்ல கேள்வி. அமெரிக்க நீதிமன்றங்கள் இதே கேள்வியை ஐம்பது ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பி எடைபோட்டு வருகின்றன. அவனுக்கு அன்று இரண்டு வரியில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. கிட்டாரின் எந்த உருவமும் வானத்திலிருந்து குதித்ததில்லை. எங்கள் ஊரில் தேவாலயத்திலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் பார்க்கும் அகன்ற இடுப்புள்ள மரக் கிட்டாருக்கு 'டிரெட்நாட்' என்று பெயர். 1906-இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. 1833-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் அந்த உருவத்தை முதலில் வேறொரு நிறுவனத்துக்காகச் செய்து கொடுத்தது. 1931-இல்தான் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. இன்று உலகில் மரக் கிட்டார் செய்யும் ஏறத்தாழ எல்லோரும் அந்த உருவத்தைச் செய்கிறார்கள். அது மார்ட்டினுடையது என்று யாரும் நினைப்பதில்லை. கிட்டார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றே நினைக்கிறோம்.

ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலைப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கம், முனையில் ஒரு சுருள். தொலைவிலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் பால் பிக்ஸ்பி என்ற கைவினைஞர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதைப் போன்ற தலையுடன் ஒரு கிட்டார் செய்துவிட்டார். அவருக்கும் நூறாண்டுகளுக்கு மேல் முன்னால், வியன்னாவில் யோகான் கெயோர்க் ஸ்டாவ்ஃபர் ஆறு முறுக்காணிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துச் சுருள் தலைக் கிட்டார்களைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய பட்டறையில் தொழில் பழகியவர்தான் மார்ட்டின் நிறுவனத்தைத் தொடங்கியவர். தொழில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும், எதிரே ஒரு நல்ல கிட்டாரை வைத்து அட்டையில் அதன் விளிம்பை வரைந்தெடுக்கத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் பெயர் என்று வரும்போது இந்தத் தாராளம் நின்றுவிடுகிறது. இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1951-இல் நடந்தது. லியோ ஃபெண்டர் தன் புதிய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயர் வைத்தார். கிரெட்ச் நிறுவனம் ஏற்கெனவே அதே ஒலிப்புள்ள பெயரில் டிரம்கள் விற்றுவந்தது. எழுத்துகளில் ஒன்றுதான் வேறு. நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கிரெட்ச் கேட்டுக்கொண்டது. ஃபெண்டர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. தலைப்பகுதியில் ஒட்டும் தாளை எடுத்துக் கிட்டாரின் பெயர் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, 'ஃபெண்டர்' என்ற சொல் மட்டும் உள்ள மிச்சத்தை ஒட்டி அனுப்பினார்கள். சில மாதங்கள் அந்தக் கிட்டார் மாடல் பெயரே இல்லாமல் விற்றது. பிறகுதான் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. பெயரற்ற அந்தக் கிட்டார்களுக்குச் சேகரிப்பாளர்கள் 'நோகாஸ்டர்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அவற்றுக்குப் பெருவிலை.

ஒரு கடிதத்தில் முடிந்த சச்சரவு ஏன் பிற்காலத்தில் நீதிமன்றத்துக்குப் போனது? 1960-களில் பெரிய கிட்டார் நிறுவனங்கள் கைமாறியதிலிருந்து பார்க்க வேண்டும். 1965-இல் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. 1969-இல் கிப்சனும் வேறு முதலாளிகளின் கைக்குப் போய், நார்லின் என்ற கூட்டு நிறுவனத்தின் அங்கமானது. கணக்குப் பார்ப்பவர்கள் தொழிற்சாலையை நடத்தத் தொடங்கினார்கள். 1970-களில் அவர்கள் செய்த கிட்டார்களின் தரம் இறங்கியது. அதே நேரத்தில் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரத்தில் ஃபுஜிஜென் போன்ற தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிட்டார்களைத் திருகு திருகாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன. தொடக்கத்தில் பார்வைக்கு மட்டும் ஒத்திருந்த நகல்கள் சில ஆண்டுகளில் வாசிப்பிலும் நெருங்கிவிட்டன. விலையோ மிகக் குறைவு. அசல் கெட்டுக்கொண்டிருக்கும்போது நகல் தேறிவந்ததுதான் அமெரிக்க நிறுவனங்களைக் கலங்கவைத்தது. மட்டமான நகலை அவர்கள் பொருட்படுத்தியிருக்கவே மாட்டார்கள்.

1977 ஜூன் மாதம் நார்லின், ஐபனேஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் நிறுவனத்தின் மீது பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கிட்டார் உடலின் உருவத்தைப் பற்றிய வழக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வழக்கு தலைப்பகுதியைப் பற்றியது. திறந்துவைத்த புத்தகத்தின் மேல்விளிம்பு போல நடுவில் பள்ளம் விழுந்த அந்தத் தலை எங்கள் அடையாளம் என்றது நார்லின். ஐபனேஸ் அதற்குள்ளாகவே தன் தலைப்பகுதியை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978 தொடக்கத்தில் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டன. தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படவே இல்லை.

பழைய ஜப்பானியக் கிட்டார் விற்பவர்கள் இன்றும், 'இது வழக்குக்கு ஆளான கிட்டார்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்து எந்த நிறுவனத்தின் எந்த நகலுக்கும் இதே பல்லவிதான். வழக்கில் இருந்தது ஒரே ஒரு பிரதிவாதி, அதுவும் தலைப்பகுதிக்காக. என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வழக்குக் கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், கிட்டார் நன்றாக இருந்தால் அதற்காகக் கொடுங்கள்.

அந்த வழக்கால் யாருக்கு லாபம் என்று யோசித்தால், ஐபனேஸுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நகல் செய்வதைவிட்டுத் தன் சொந்த உருவங்களில் இறங்கியதும், பத்து ஆண்டுகளுக்குள் மற்றவர்கள் நகலெடுக்கும் பெயராக அது வளர்ந்துவிட்டது. ஃபெண்டர் எடுத்த வழி வேறு. 1982-இல் ஜப்பானிய வணிக நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து 'ஃபெண்டர் ஜப்பான்' தொடங்கி, ஐபனேஸ் கிட்டார்களைச் செய்துவந்த அதே ஃபுஜிஜென்னிடம் தன் கிட்டார்களைச் செய்யக் கொடுத்தது. ஸ்குவையர் என்ற பெயரில் விலை குறைந்த வரிசையும் வந்தது. நன்றாக நகல் எடுத்தவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்ட அந்த முடிவு, பத்து வழக்குகள் சாதித்திருக்காததைச் சாதித்தது.

சட்டத்தின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பொருளின் தோற்றத்தைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வடிவமைப்புப் பதிவு. புதிய தோற்றத்தைக் கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலம் தனியுரிமை கிடைக்கும். காலம் முடிந்தால் தோற்றம் பொதுச்சொத்து. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பத்து ஆண்டுகள், மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம். மற்றொன்று வணிகச் சின்னம். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவே கிடையாது. கிப்சன் 1950-களின் இறுதியில் தன் கூர்முனைக் கிட்டார்களுக்கு வடிவமைப்புக் காப்புரிமை பெற்றிருந்தது. அது காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதனால்தான் சண்டை முழுவதும் வணிகச் சின்னம் என்ற களத்தில் நடக்கிறது. ஆனால் அந்தக் களத்தின் விதி வேறு. 'இந்த உருவத்தை நான்தான் கண்டுபிடித்தேன்' என்றால் போதாது. 'இந்த உருவத்தைப் பார்த்தவுடன் வாங்குபவர் மனத்தில் என் பெயர் தோன்றுகிறது. மற்றவர் அதைப் பயன்படுத்தினால் வாங்குபவர் ஏமாறுகிறார்' என்று காட்ட வேண்டும்.

ஏமாறுவது யார், எந்த இடத்தில்? லெஸ் பால் என்ற கிட்டாரின் உருவத்துக்காகக் கிப்சன் போட்ட வழக்கு முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே சுழன்றது. கிப்சனின் லெஸ் பால் 1952-இல் வந்தது. ஒரு தோளில் மட்டும் வெட்டுள்ள அதன் உருவத்தைக் கிப்சன் 1990-களில் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. 2000-இல் பால் ரீட் ஸ்மித் நிறுவனம் 'சிங்கிள்கட்' என்ற கிட்டாரை வெளியிட்டதும் கிப்சன் வழக்குத் தொடுத்தது. 2004-இல் டென்னசி மாவட்ட நீதிமன்றம் கிப்சன் பக்கம் தீர்ப்பளித்துத் தடையாணையும் போட்டது. சிங்கிள்கட் உற்பத்தி நின்றது. 2005 செப்டம்பரில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அடியோடு புரட்டியது.

அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை ஒவ்வொரு கிட்டார் வியாபாரியும் ஒரு முறையாவது வாசிக்க வேண்டும். கடையில் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவர் ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கமாட்டார் என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டது. பிறகு எங்கே குழப்பம்? புகை மண்டிய மதுக்கூடத்தில், மேடையில் வாசிப்பவரின் கையிலிருக்கும் கிட்டாரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் அதைக் கிப்சன் என்று நினைத்துவிடலாம் என்றது கிப்சன். நீதிமன்றம் ஏற்கவில்லை. தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே வகைப் பொருள்கள் பலவும் ஒத்துத்தான் தெரியும். அதைத் தடுக்கப் போனால் நியாயமான போட்டியே இருக்காது என்றது. எதிராளியின் கிட்டார் தரத்தில் குறைந்தது என்றும் கிப்சனால் வாதிட முடியவில்லை. மட்டமான சரக்கைப் பார்த்து எங்கள் பெயர் கெடும் என்ற வாதமும் அதனால் விழுந்துவிட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க மறுத்தது.

கோத்தகிரி சாலை மஞ்சுமூட்டத்தில் எதிரே வரும் பஸ் அரசுப் பேருந்தா தனியார் வண்டியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த நீதிபதிகள் சொன்னது உடனே விளங்கும். பத்தடி அருகில் வந்தால் பெயர்ப்பலகை தெரிந்துவிடுகிறது. நாம் டிக்கெட் வாங்குவது அந்தப் பத்தடியில்தான்.

ஃபெண்டருக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய அடி. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பாஸ் ஆகிய மூன்றின் உடல் உருவங்களையும் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும் என்று 2003-இல் அது விண்ணப்பித்தது. கிட்டார் செய்பவர்கள் பலர் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். 2009 மார்ச்சில் அமெரிக்க வணிகச் சின்ன மேல்முறையீட்டு வாரியம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஐம்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் இந்த உருவங்களைச் செய்து விற்றிருக்கிறார்கள். ஃபெண்டர் அதை அனுமதித்தே வந்திருக்கிறது. இன்று இந்த உருவத்தைப் பார்ப்பவருக்கு ஃபெண்டர் நினைவு வருவதைவிட, எலெக்ட்ரிக் கிட்டார் என்ற பொருளே நினைவுக்கு வருகிறது. அதனால் இவை பொது உருவங்கள் என்றது வாரியம். தலைப்பகுதிகளின் உருவங்களை ஃபெண்டர் முன்னதாகவே தனியே பதிந்து காத்துவந்ததால் அவை மட்டும் அதன் கையில் இருக்கின்றன.

இப்போது கடைக்குப் போய்ப் பாருங்கள், இந்தத் தீர்ப்பு சுவரில் தொங்குவது தெரியும். உடல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போலவே இருக்கும் கிட்டார்களில் தலைப்பகுதி மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஒன்றில் கோடரி முனை போல, மற்றொன்றில் மீன்வால் போல. சட்டம் விட்டுக்கொடுத்த உடலையும் விட்டுக்கொடுக்காத தலையையும் சேர்த்துச் செய்தவை அவை. பையன் கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. தன் சொந்தப் பெயரைத் தாங்கிய அந்தக் கிட்டார்கள் போலி இல்லை. உருவத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நிறுவனம் தன் உருவத்தை இழப்பது பெரும்பாலும் தன் மௌனத்தால்தான். 2019 வழக்கு இதற்குச் சான்று. 2018 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரிய கிப்சன், அவ்வாண்டின் இறுதியில் புதிய உரிமையாளர்களுடன் மீண்டு வந்தது. அடுத்த மே மாதமே டீன் கிட்டார்களைச் செய்யும் ஆர்மடில்லோ நிறுவனத்தின் மீது டெக்சாசில் வழக்கு. ஜூனில், அசலையே வாசியுங்கள் என்ற கருத்தில், மற்றத் தயாரிப்பாளர்களை எச்சரிக்கும் தொனியில் ஒரு காணொளியையும் வெளியிட்டது. கிட்டார் வாசிப்பவர்களிடமிருந்து எழுந்த கோபத்தில் அந்தக் காணொளியைச் சில நாள்களில் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதே மாத இறுதியில் ஐரோப்பாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது: கூர்முனை 'ஃபிளையிங் வி' உருவத்துக்குக் கிப்சன் பெற்றிருந்த ஐரோப்பிய வணிகச் சின்னம் செல்லாது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் உறுதிசெய்தது. 1958-இல் விசித்திரமாக இருந்த அந்த உருவம், பின்னர் பலரும் செய்யும் வழக்கமான உருவங்களில் ஒன்றாகிவிட்டது என்பது காரணம்.

டெக்சாசில் 2022 மே மாதம் ஜூரி பெரும்பாலும் கிப்சன் பக்கம் நின்றது. ஆனாலும் ஓர் உருவத்தைப் பொது உருவம் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெற்றியையும் ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மற்றவர்கள் பல பத்தாண்டுகளாக இதே உருவங்களைச் செய்து வந்ததற்கான பழைய சான்றுகளை ஜூரி பார்க்கவிடாமல் தடுத்தது தவறு என்றது. டீன் நிறுவனம் 1970-களிலிருந்தே அந்த உருவங்களை விற்றுவந்தது. நாற்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி அந்த வழக்கில் கிப்சனைக் கடைசிவரை துரத்தியது.

கலமசூ நகரத்துக் கதையையும் சொல்ல வேண்டும், அது என்னை வேறு விதமாக வருத்துகிறது. கிப்சன் பிறந்த ஊர் அது. 1984-இல் நிறுவனம் அங்கிருந்த பழைய தொழிற்சாலையை மூடிவிட்டு நாஷ்வில்லுக்குப் போனது. போக மனமில்லாத பழைய தொழிலாளிகள் சிலர் 1985-இல் அதே கட்டடத்தில் 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கை அதே கை. அந்தக் கைக்குப் பழக்கமான உருவமும் அதே உருவம். 1991-இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. 2020-இல் மறுபடியும் நீதிமன்றம். முப்பது ஆண்டு ஒரு வளைவை இழைத்த கைக்கு அந்த வளைவில் எந்தப் பாத்தியமும் கிடையாதா? சட்டத்தில் கிடையாது. எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

புகழ் என்று பேசும்போது மரத்தையும் பேச வேண்டும். அது எங்கள் மலையின் மரம். கூடலூர், பந்தலூர் பக்கம் வளரும் ஈட்டி, சிலர் தோதகத்தி என்பது, கிட்டார் உலகில் இந்திய ரோஸ்வுட். அறுக்கும்போது எழும் இனிய மணத்தை ஒரு முறை நுகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேசிலின் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது 1969-இல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது, உலகம் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் நின்றாலும் ஈட்டியை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இல் தனிச் சட்டமே வந்தது. 2011 ஆகஸ்டில் சட்டத்தை மீறி மரம் இறக்குமதி செய்ததாகச் சந்தேகித்து அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் சோதனையிட்டபோது கைப்பற்றியதில் இந்தியாவிலிருந்து போன ஈட்டிப் பலகைகளும் இருந்தன. மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாக 2012-இல் அந்த நிறுவனம் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. தன் உருவத்தை எல்லை கட்டிக் காக்கும் நிறுவனங்கள், தங்கள் பெயருக்கு மணம் சேர்த்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதையும் அதே கவனத்துடன் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் சட்டத்தில் இந்தச் சிக்கல் எப்படி இருக்கிறது? 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் பொருளின் உருவமும் சின்னமாகலாம் என்கிறது. அதே மூச்சில், பொருளின் இயல்பினாலேயே வருகிற உருவம், தொழில்நுட்பப் பயனுக்குத் தேவையான உருவம், பொருளுக்கே கணிசமான மதிப்பைத் தருகிற உருவம் ஆகியவற்றைப் பதிய முடியாது என்றும் சொல்லிவிடுகிறது. மடியில் உட்கார இடுப்பு வளைய வேண்டும். மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எட்டத் தோளில் வெட்டு வேண்டும். இவற்றைத் தனியொருவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது. பெயரைத் திருடுவதில் மட்டும் தயவு கிடையாது: பொய்யாக வணிகச் சின்னம் இடுவது ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைக்கும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கும் உரிய குற்றம்.

நீலகிரிக்காரர்களுக்கு இது அந்நியமான செய்தி இல்லை. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில், மாதிரி எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் இடும் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. நீலகிரித் தேயிலை அதற்கு முன்பே 2008-இல் பெற்றது. சிவப்பு, கறுப்புக் கோடுகளை யார் வேண்டுமானாலும் துணியில் அச்சடிக்கலாம். அதைத் தோடர் பூத்தையல் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணியிடம் விற்றால், அங்கே இரண்டு பேர் ஏமாற்றப்படுகிறார்கள்: காசு கொடுத்தவர் ஒருவர், நாள் முழுக்க இழை எண்ணிய பெண் ஒருவர். புவிசார் குறியீட்டில் எனக்குப் பிடித்தது, அந்த உரிமை ஒரு முதலாளியிடம் போகாமல் செய்கிறவர்களின் சமூகத்திடம் நிற்பது. கலமசூ தொழிலாளிகளுக்கு அப்படியொன்று வாய்த்திருந்தால் அவர்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் இளைஞர் டிப்போவில் வாங்கிய சில்வர் ஓக் மரத்தில் சிறிய கிட்டார்கள் செய்கிறார். தேயிலைக்கு நிழல் கொடுக்கும் அந்த மரத்தின் ரேகைகள் தலைப்பகுதியில் மீன்செதில் போல மின்னுகின்றன. தலையின் உருவம் அவரே வரைந்தது, அவ்வளவு அழகு. பதிந்துவைத்தீர்களா என்று கேட்டேன். முதலில் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பிறகு பதியலாம் என்று இருந்தார். நான் பதறிவிட்டேன். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வெளியிட்ட வடிவத்துக்குப் புதுமை போய்விடும், பதிவு கிடைக்காது. படத்தை வெளியிடாமல் வைத்திருந்து, விண்ணப்பித்துவிட்டு வந்தார். சிறிய கைவினைஞருக்கு ஐம்பது ஆண்டு வழக்கு நடத்த வசதியில்லை. இந்த ஒரு படிவம்தான் அவருக்கு வேலி.

போலி விஷயத்தில் நிறுவனங்கள் கொள்ளும் கோபம் முழுவதும் நியாயமானது. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகத்தில் அமெரிக்கச் சுங்கத் துறை 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தது. அசலாக இருந்திருந்தால் அவற்றின் மதிப்பு 1.8 கோடி டாலருக்கு மேல். அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் குறிவைத்துச் செய்தது.

நகலை நான் இழிவாகப் பேசமாட்டேன். 1980-களில் அப்பா எனக்கு வாங்கித் தந்த முதல் கிட்டார் கல்கத்தாவில் செய்த டிரெட்நாட் நகல். அதன் கழுத்து மழைக்கு ஒரு மாதிரியும் வெயிலுக்கு ஒரு மாதிரியும் வளையும். அதை நேராக்கப் போய்த்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அது தன்னை வேறெதுவாகவும் சொல்லிக்கொண்டதில்லை.

பையனின் கிட்டாருக்கு வருகிறேன். அதை அப்படியே வேறொருவருக்கு விற்றுவிடலாமா என்று முதலில் கேட்டான். கூடாது, தெரிந்தே விற்றால் உன்னை ஏமாற்றியவன் செய்ததைத்தான் நீயும் செய்வாய் என்றேன். தலையை ஆட்டினான். மறுநாள் மாலை வந்து என்னுடனேயே உட்கார்ந்தான். ஃபிரெட் முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கினோம். கழுத்தை நேராக்கினோம். நல்ல பிக்கப் ஒன்று என்னிடம் பழையதாகக் கிடந்தது, அதைப் பொருத்தினேன். தலைப்பகுதியின் பெயரை அவனே உப்புத்தாளால் தேய்த்தான். முதலில் கறுப்புப் பூச்சு போயிற்று, பிறகு சிப்பி போலத் தெரிந்த பிளாஸ்டிக், கடைசியில் வெளிறிய மரம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று திருகு மூடியையும் கழற்றிவிட்டு, என்னிடமிருந்த ஈட்டித் துண்டில் புதிதாக ஒன்று வெட்டிப் பொருத்தினோம்.

என்ன பெயர் போடலாம் என்று கேட்டான். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். டிசம்பர் 24-ஆம் தேதி இரவு எங்கள் தெருவுக்குக் கேரல் குழு வந்தபோது, பனியில் கம்பளிக் குல்லாவுடன், பெயரில்லாத அந்தத் தலையை மேலே தூக்கிப் பிடித்து அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.